கறுப்பாக இருப்பதெல்லாம் ஈயக்கல் இல்லை: காசிட்டரைட்டை அடையாளம் காணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பக்கம் ஓடையோரம் நடந்துவிட்டு வரும் யாராவது ஒரு கறுப்புக் கல்லை நீட்டி, "இது ஈயமா பாருங்கள்" என்று கேட்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்லவேண்டி வரும். கேட்பவர் முகம் வாடும். நானும் அப்படி வாடியவன்தான். நான் முதன்முதலில் சேர்த்து வைத்த ஒரு மைலோ டப்பா நிறைய கறுப்பு மணலில் பாதிக்கு மேல் டூர்மலின், மிச்சத்தில் பெரும்பகுதி இல்மனைட்; இரண்டும் வேறு கறுப்புக் கனிமங்கள். ஈயம் என்று சொல்லக்கூடியது ஒரு தேக்கரண்டிகூடத் தேறவில்லை. அந்தத் தவற்றைக் கொஞ்சம் சீக்கிரமே கடந்துவிட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நாம் ஈயம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு உண்டு. காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. இங்கே நான் ஈயம் என்பதெல்லாம் வெள்ளீயம்தான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அடுப்பில் வெறும் சொம்பை வைத்துவிட்டு மறந்தால் அது உருகி வழிந்துவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, காரணம் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். உலகில் இன்று பயன்படும் வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி, மின்சாதனங்களுக்குள் கம்பிகளை ஒட்டவைக்கும் சோல்டருக்குப் போகிறது. இந்த வெள்ளீயத்தின் முதன்மையான தாதுதான் காசிட்டரைட். வேதியியல்படி அது வெள்ளீய ஆக்சைடு. சுத்தமான காசிட்டரைட் 100 கிராமில் 78.8 கிராம் வெள்ளீயம். மலாய்க்காரர்கள் பீஜே தீமா என்பார்கள். வெள்ளீயத்துக்கான பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து காசிட்டரைட் என்ற பெயரை 1832-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் பெடான் வைத்தார்.

எங்கே தேடுவது

காசிட்டரைட் பிறப்பது கிரானைட்டோடு. பூமிக்கடியில் கிரானைட் குளிர்ந்து இறுகும்போது, கடைசியாக மிஞ்சும் சூடான நீர் வெடிப்புகளில் புகுந்து, வெள்ளைக் கல்லான குவார்ட்சோடு சேர்த்து இதையும் படியவைக்கிறது. பகாங் மாநிலத்தின் சுங்கை லெம்பிங்கில் மலைக்குள் சுரங்கம் குடைந்து எடுத்தது இந்த வகை.

பேராக்கில் உள்ள கிந்தாப் பள்ளத்தாக்கின் கதை வேறு. கிழக்கே தீபகற்பத்தின் நடுமலைத்தொடர், மேற்கே கிளெடாங் மலை, இரண்டும் கிரானைட். நடுவே சுண்ணாம்புப் பாறைத் தரை. இலட்சக்கணக்கான ஆண்டு மழையில் கிரானைட் மக்கிப் போக, மக்காத, கரையாத, கனமான காசிட்டரைட் மட்டும் அடிவாரத்திலும், சுண்ணாம்புப் பாறையின் குழிகளிலும் போய்த் தங்கிவிட்டது. உலகின் மிகப்பெரிய ஈய வயல் என்று பேரெடுத்தது இப்படித்தான். 1880-களில் இங்கே கூட்டம் மொய்த்தது. அதற்குச் சற்று முன்பே லாருட் பகுதியில் ஈயத்துக்காகச் சண்டையே நடந்து முடிந்திருந்தது. 1885-இல் திறந்த மலாயாவின் முதல் ரயில்பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம்வரை, ஈயத்தை ஏற்றிச் செல்லப் போட்டதுதான். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

ஆக, நீங்கள் பார்க்கவேண்டிய இடம் கிரானைட் மலையிலிருந்து இறங்கும் சிற்றோடை. காசிட்டரைட் கனமானது, நொறுங்கும் தன்மையும் கொண்டது. அதனால் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகாது. ஓடையில் நீர் வேகம் குறையும் இடத்தைப் பாருங்கள்: வளைவின் உள்பக்கம், பெரும்பாறையின் பின்புறம், அடிப்பாறையில் உள்ள பிளவுகள். மேல்மணலில் ஒன்றும் இருக்காது. அடிப்பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கூழாங்கல் அடுக்கில்தான் சரக்கு இருக்கும். அந்த அடுக்குக்குப் பழைய சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் கராங்.

எங்கே போகக்கூடாது என்பது அதைவிட முக்கியம். ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குட்டைகளின் பக்கம் போகாதீர்கள். மேலிருந்து பார்க்க ஏரிபோல அழகாக இருக்கும். தைப்பிங் ஏரிப் பூங்காவே பழைய ஈயக்குட்டைதான், அது பராமரிக்கப்படும் இடம். காட்டுக்குள் கிடக்கும் குட்டை அப்படியல்ல. கரையிலிருந்து இரண்டடி தள்ளினால் செங்குத்தாக இறங்கும். அடியில் கழுவிவிட்ட சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று உரிமம். மலேசியாவில் நிலமும் கனிமமும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பவை. உரிமம் இல்லாமல் தாது தோண்டுவதும் விற்பதும் குற்றம். துலாங் எனும் அலசுதட்டோடு ஆற்றில் இறங்கிய பெண்களுக்கே அந்தக் காலத்தில் பாஸ் இருந்தது. கற்றுக்கொள்வதற்காக ஒரு பிடி மணல் அலசுவதாக இருந்தாலும் நிலம் யாருடையது என்று கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே கையை வையுங்கள்.

அலசுவது

அரிசியில் கல் அரித்திருக்கிறீர்களா? அப்படியானால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். அங்கே தண்ணீரோடு அரிசி நகர்ந்து போகும், கல் பாத்திரத்தின் அடியில் தங்கும். இங்கேயும் அதேதான், நமக்கு வேண்டியது மட்டும் மாறிவிட்டது: போவது போகட்டும், தங்கும் கல்தான் வேண்டும்.

துலாங் என்பது இரண்டடி அகலத்தில், நடுவில் குழிந்த, ஆழமில்லாத மரத்தட்டு. கிந்தாவில் பெரும்பாலும் ஹக்கா சீனப் பெண்கள்தான் இதில் கைதேர்ந்தவர்கள். இடுப்பளவு நீரில் நின்று நாள் முழுவதும் சுழற்றுவார்கள். இன்று மரத்தட்டு கிடைப்பது அரிது. தங்கம் அலசும் பிளாஸ்டிக் தட்டு போதும். பச்சை நிறத்தில் வாங்கினால் கறுப்பு மணிகள் தெளிவாகத் தெரியும்.

தட்டில் பாதிக்கு மேல் மண் போடாதீர்கள். நீருக்குள் அமிழ்த்தி, களிமண் கட்டிகளை விரலால் பிசைந்து கரையுங்கள். இதில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். கரையாத களிமண் உருண்டை மணிகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு தட்டைவிட்டு உருண்டு போய்விடும். தண்ணீர் தெளியும்வரை பிசையுங்கள். பெரிய கற்களைக் கழுவி, ஒருமுறை பார்த்துவிட்டு எறியுங்கள். பார்க்காமல் எறியவேண்டாம், ஓடைக் கூழாங்கல்லாகவே காசிட்டரைட் கிடைப்பதும் உண்டு.

பிறகு தட்டை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சமமாகப் பிடித்து, இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். பத்துப் பதினைந்து ஆட்டு. கனமானது கீழே இறங்கட்டும். அதன் பிறகே தட்டைச் சாய்த்து, வட்டமாகச் சுழற்றி, மேல்மணலை நீரோடு வழியவிடுங்கள். வழியவிடுவது கொஞ்சம், ஆட்டுவது நிறைய. சாய்த்தபடியே சுழற்றிக்கொண்டிருந்தால் வெளியே போவது மணல் மட்டுமல்ல. கடைசியில் வெள்ளை மணலின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதைச் சிறு புட்டியில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஓடைக்கரையிலேயே முடிவு சொல்லாதீர்கள்.

ஏனென்றால் அந்தக் கறுப்புக் கோடு முழுவதும் காசிட்டரைட் என்று நினைப்பதுதான் என் மைலோ டப்பாவின் கதை. கனமான மணிகள் எல்லாமே அங்கே வந்து சேரும்: மேக்னடைட், இல்மனைட், சிர்கான், மோனசைட், ரூட்டைல். ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் இந்தக் கலவைக்கு மலாயாவில் அமாங் என்று பெயர். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அமாங் கொஞ்சம் கதிரியக்கம் உள்ளது. புட்டியளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாளிக்கணக்கில் சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், அள்ளியபின் கையைக் கழுவுங்கள்.

காந்தம்

மணலை நிழலில் நன்றாகக் காயவைத்து, தாளில் மெல்லிசாகப் பரப்புங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே நகர்த்துங்கள். பை இல்லாமல் செய்தால் மணிகளைக் காந்தத்திலிருந்து சுரண்டுவதிலேயே ஒரு மாலை கழிந்துவிடும். சாதாரணக் காந்தத்துக்குத் தாவுவது மேக்னடைட். அடுத்து வலுவான நியோடிமியம் காந்தம்: இதற்கு இல்மனைட்டில் பெரும்பகுதி ஒட்டும், டங்ஸ்டன் தாதுவான உல்ஃப்ரமைட்டும் ஒட்டும், மோனசைட்டும் இலேசாக நகரும். காசிட்டரைட் பொதுவாக அசையாது. இரும்பு கலந்த சில மணிகள் மட்டும் கொஞ்சம் நெளியும். ஒட்டியதைக் கொட்டிவிடாமல் தனியே வையுங்கள்.

கண்ணால் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வது போதும். காசிட்டரைட் கறுப்பு என்றாலும் கரிக்கறுப்பு அல்ல. கறுப்பு காப்பியில் வெளிச்சம் பட்டால் ஓரத்தில் தெரியுமே ஒரு செம்பழுப்பு, அது. சில மணிகள் தேன் நிறம், சில சாம்பல், அரிதாக வெளுப்பு. பளபளப்பு கண்ணாடியைவிடக் கூர்மையாக, வைரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். மலைப்பாறையில் கிடைக்கும் படிகங்கள் குட்டையாக, நான்குபக்கப் பட்டகமும் கூம்பு முனையுமாக இருக்கும். இரண்டு படிகங்கள் முழங்கால் மடக்கியதுபோல் ஒட்டி வளர்ந்திருந்தால் அது மிக நல்ல அறிகுறி. மர வரிபோலப் பழுப்பு வளையங்களுடன் வரும் ஒரு வகையும் உண்டு. மர ஈயம் என்று சொல்லலாம். அதைப் பார்த்து மரக்கட்டைக் கல் என்று எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது கறுப்பு டூர்மலின். அதுவும் கிரானைட்டோடு பிறந்தது, அதே ஓடையில் வருவது. நீளமாக, குச்சிபோல, நெடுக்கே கோடு கோடாக இருந்தால், முனையைப் பாருங்கள்: குறுக்குவெட்டு உப்பிய முக்கோணமாக இருந்தால் டூர்மலின்தான். ஆனால் உருண்டு தேய்ந்த கல்லில் இந்த அடையாளங்கள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் கண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். தராசை நம்புங்கள்.

எடை பார்ப்பது

காசிட்டரைட் தண்ணீரைப்போல் 6.8 முதல் 7.1 மடங்கு கனமானது. குவார்ட்ஸ் 2.65, டூர்மலின் 3.1 அளவில், ரூட்டைல் 4.2, இல்மனைட் 4.7, மேக்னடைட் 5.2. இந்த இடைவெளி பெரிது. சமையலறைத் தராசிலேயே பிடிபட்டுவிடும். பல ஆண்டு லென்ஸ் பிடித்தவர் தடுமாறும் இடத்தில் இந்தச் சோதனை ஐந்தே நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். இதை மட்டும் கற்றுக்கொண்டு மற்றதை விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கல்லாக இருந்தால்: முதலில் உலர்ந்த கல்லை நிறுத்து எழுதுங்கள். பிறகு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுவதும் நீரில் முங்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இதனால் வகுத்தால் முடிந்தது. 138 கிராம் கல் 20 கிராம் நீரை விலக்கினால் 6.9. காசிட்டரைட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. 93 கிராம் கல் 30 கிராம் விலக்கினால் 3.1, டூர்மலின், வணக்கம்.

ஒரு எச்சரிக்கை. கல்லில் குவார்ட்ஸ் ஒட்டியிருந்தால் கணக்கு கீழே இறங்கும். கன அளவில் பாதிக்குப் பாதி குவார்ட்ஸ் என்றால் 4.8 அளவில்தான் வரும். எண் குறைவாக வந்தது என்பதற்காக நல்ல மாதிரியை எறிந்துவிடாதீர்கள். வெள்ளைப் பகுதி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

மணலாக இருந்தால் சிறு கண்ணாடிப் புட்டி வேண்டும், 0.1 கிராம் காட்டும் தராசும் வேண்டும். புட்டியை விளிம்புவரை நீர் நிரப்பி நிறுங்கள், 130.0 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காந்தத்துக்கு ஒட்டாத உலர்மணலைத் தனியே நிறுங்கள்; 34.0 கிராம். கொஞ்சம் நீரை ஊற்றிவிட்டு மணலைப் புட்டிக்குள் போட்டு, மறுபடி அதே விளிம்புவரை நிரப்பி, வெளிப்பக்கத்தைத் துடைத்து நிறுங்கள், 159.0 கிராம். நீர் எங்கும் போகாமல் இருந்திருந்தால் 164.0 காட்டியிருக்கும். குறைந்த 5.0 கிராம்தான் மணல் விலக்கிய நீர். 34-ஐ 5-ஆல் வகுத்தால் 6.8. மணலுக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் எண் பொய்யாகக் குறையும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, புட்டியை மெல்லத் தட்டுங்கள்.

கனத்தில் காசிட்டரைட்டோடு போட்டியிடுவது உல்ஃப்ரமைட். 7.0 முதல் 7.5. இதுவும் ஈயக்கல்லோடு சேர்ந்தே வரும். கத்தி முனையால் கீறுங்கள்: உல்ஃப்ரமைட்டில் கீறல் விழும், காசிட்டரைட்டில் விழாது. மெருகில்லாத ஓட்டின் பின்புறத்திலோ பீங்கான் கோப்பையின் அடிவளையத்திலோ தேய்த்துப் பாருங்கள்: உல்ஃப்ரமைட் அடர்பழுப்புக் கோடு போடும். காசிட்டரைட் ஏறக்குறைய வெள்ளை, மிஞ்சிப்போனால் வெளிர்பழுப்பு. அவ்வளவு கறுப்பான கல் வெள்ளைக் கோடு போடுவதைப் பார்த்துப் புதியவர்கள் சந்தேகப்படுவார்கள். அதுதான் சரியான விடை.

துத்தநாகச் சோதனை

கடைசி உறுதிக்கு ஒரு பழைய ஆய்வகச் சோதனை. காசிட்டரைட் அமிலத்தில் கரையாது. ஆனால் துத்தநாகமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து வெளிவிடும் ஹைட்ரசன், மணியின் மேற்பரப்பில் உள்ள ஆக்சிசனைப் பிடுங்கிக்கொள்ளும். மேலே மெல்லிய வெள்ளீயப் படலம் மிஞ்சும்.

கண்ணாடிக் கிண்ணத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, அவற்றின்மேல் மணிகள் தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நீர்த்த அமிலத்தை மூழ்கும் அளவு ஊற்றுங்கள். நுரைக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து அமிலத்தை வடித்து, நிறைய நீர்விட்டுக் கழுவி மணிகளைப் பாருங்கள். காசிட்டரைட் சாம்பல் போர்வை போர்த்திருக்கும்; துணியில் தேய்த்தால் வெள்ளியாக மின்னும். டூர்மலினும் இல்மனைட்டும் போட்டபடியே இருக்கும். பக்கத்தில் தெரிந்த டூர்மலின் மணி ஒன்றையும் போட்டு வையுங்கள், ஒப்பிட உதவும்.

இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். வெளிவரும் ஹைட்ரசன் தீப்பிடிக்கக்கூடியது. அருகே சிகரெட்டும் அடுப்பும் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. இன்னொன்றை எழுதாமல் விடும் கையேடுகள் மீது எனக்குக் கோபமே உண்டு: மலைப்பாறைத் துண்டில் வெள்ளிபோல மின்னும், ஆர்சனிக் கொண்ட ஆர்சனோபைரைட் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். கடும் நச்சான ஆர்சின் வாயு உண்டாகலாம். அமிலம் கையாண்டு பழக்கமில்லாதவர்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து செய்வது நல்லது.

அசலைப் பார்த்துப் பழகுவது

இத்தனையும் படிப்பதைவிட, அசல் காசிட்டரைட்டை ஒருமுறை பார்த்துவிடுவது மேல். ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல மாதிரிகள் உண்டு. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கம்பாரில் உள்ள ஈயச்சுரங்க அருங்காட்சியகத்தில் பாலோங் எனும் நீண்ட அலசுதொட்டி எப்படி வேலை செய்தது என்று புரியும். நீங்கள் தட்டில் செய்ததையே மனிதர்கள் எத்தனை பெரிதாகச் செய்தார்கள் என்று பார்க்க, பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் ஈயம் தோண்டும் ஐந்தாம் எண் கப்பல் நிற்கிறது. 1938-இல் கட்டியது, 4,500 டன், 1982 வரை மண்ணைத் தோண்டி விழுங்கிக் கழுவித் துப்பியது. மூன்று ஆண்டு கழித்து, 1985 அக்டோபரில், உலக ஈய விலையைத் தாங்கிப்பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் கையில் காசில்லாமல் நொடித்தது. விலை சரிந்ததில் கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எங்கள் ஊர்க் கடைத்தெருக்களில் பூட்டிய கதவுகளைப் பார்த்தால் இன்றும் சிலருக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வரும். எல்லாம் முடிந்துவிடவில்லை, பேராக்கின் வடகோடியில் கிளியான் இந்தானில் இன்னும் ஈயம் எடுக்கிறார்கள்.

புட்டியில் எழுதுவது

இடம், தேதி, எந்த ஆழத்தில் எடுத்தது, காந்தத்துக்கு ஒட்டியதா, கனம் எவ்வளவு, கோட்டின் நிறம் என்ன, துத்தநாகச் சோதனை செய்ததா. இவ்வளவையும் பென்சிலில் எழுதி, சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய பேனா எழுத்து நம் ஊர் ஈரத்தில் ஆறே மாதத்தில் கரைந்துவிடும். எல்லாச் சோதனையும் செய்தும் பிடிபடாத மணிகள் வரத்தான் செய்யும். கொலம்பைட், டாண்டலைட் வகைகள் கனத்திலும் நிறத்திலும் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும்; அவற்றை ஆய்வகம்தான் சொல்லவேண்டும். அப்படிப்பட்டவற்றுக்கு "தெரியாது" என்று எழுதிய தனிப்புட்டி ஒன்று வையுங்கள். என் அலமாரியில் அது இப்போது எட்டாவது புட்டி.